பில்லுக்குத் தெரிந்த வழி

கடைசியாக என் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னது, "அந்த நீலத் திரைச்சீலைக்குக் கஞ்சி போட்டுடாதே. அந்தம்மாவுக்கு மொடமொடன்னு இருந்தா ஆகாது" என்பதுதான். "ஒரு தடவை சொன்னா போதும், எனக்குக் காது இருக்கு" என்றேன். "காது இருக்கு. கேக்கணுமே" என்று முனகிக்கொண்டே அழுத்து மேசைக்குப் போனார்.

சற்று முன்புதான் சாப்பிட்டிருந்தோம். வெங்காயமும் முட்டையும் வதக்கிச் சோற்றோடு கிளறியது. எங்கள் சலவைக்கடையில் யாரும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. கொதிகலன் சூடேறிவிட்டால் அதை வெறுமனே கொதிக்க விடக்கூடாது என்பது அவருடைய கணக்கு. தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு மறு கையால் தலையணை உறைகளை மடிக்கப் பழகியிருந்தோம். அன்று வானம் மூடிக்கிடந்தது. மழை வருகிறேன் வருகிறேன் என்று பயம் காட்டிவிட்டுப் புழுக்கத்தை மட்டும் இறக்கிவிட்டுப் போயிருந்தது. கொடியில் போட்டது போட்டபடி ஈரமாகத் தொங்கியது. விடுதி ஒன்றின் படுக்கை விரிப்புகள் சாயங்காலத்துக்குள் போயாக வேண்டும். எல்லாவற்றையும் அழுத்து இயந்திரத்திலேயே காய வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த இயந்திரத்தின் மூடியை இறக்கினால் ஒரு பெருமூச்சு வரும். ஏற்றினால் இன்னொன்று. நாள் முழுக்க அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருப்பதால் காதில் விழாது. அன்று ஒரு பெருமூச்சு வந்தது. அடுத்தது வரவில்லை. கருகல் வாடை வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

மேசைக்கடியில் ஒருக்களித்துக் கிடந்தார். கையில் விரிப்பின் நுனி.

சுவரில் இருந்த ஃபோனை எடுத்து அவசர எண்ணை அழுத்தினேன். உடனே ஒரு பெண் எடுத்தாள். "எங்க வீட்டுக்காரர் விழுந்துட்டார், கூப்பிட்டா பேச்சே இல்லை" என்று கத்தினேன். கொழுந்தன் வண்டியில் வெளியே போயிருந்தான். மேலே வீட்டில் அவருடைய அம்மா, என் அத்தை, தூங்கிக்கொண்டிருந்தார்.

"பதறாதீங்கம்மா. சலவைக்கடைதானே? உங்க அட்ரஸ் எனக்கு இங்க திரையில தெரியுது. ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு. அவரை மல்லாக்கப் படுக்க வெச்சு நெஞ்சு நடுவுல ரெண்டு கையாலயும் அழுத்துங்க. நிறுத்தாம அழுத்துங்க" என்றாள்.

முகவரி தெரிகிறது என்று அவள் சொன்னதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. ஃபோனைத் தொங்கவிட்டுவிட்டு ஓடினேன். அழுத்தினேன். சத்தம் கேட்டு அத்தை இறங்கி வந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "எழுந்திருடா, டேய், வேலை கிடக்குது எழுந்திருடா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாசலைப் பார்த்துப் பார்த்து என் கழுத்து வலித்தது. வண்டி வந்தது. வந்தபோது அதற்கு எங்கள் கடையில் வேலை இல்லை.

அந்த வண்டி முதலில் எங்கே போயிற்று என்பது அன்று மாலை தெரிந்தது. அதைச் சொன்னவர் வண்ணமீன் விற்கிறவர். ஊரின் மறுகோடியில் எங்கள் பழைய கடை இருந்த இடத்தில் இப்போது அவர்தான் கண்ணாடித் தொட்டிகள் வைத்திருக்கிறார். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார்.

"ஸ்ட்ரெச்சரோட வந்து நிக்கறாங்கம்மா. யாரு விழுந்தது, எங்க விழுந்ததுங்கறாங்க. என் கடையில மீனை விட்டா மூச்சு விடற ஆள் நான் ஒருத்தன்தான். நீங்க தப்பா வந்துட்டீங்கன்னா, கம்ப்யூட்டர் இதான் சொல்லுதுங்கறாங்க. பின்கட்டுக் கதவையெல்லாம் திறந்து பாத்தாங்க. சலவைக்கடையான்னு அப்புறம்தான் ஒருத்தர் கேட்டார். அட, அவங்க காலி பண்ணிப் போயிட்டாங்களேன்னு நான்தான் வழி சொன்னேன். வாயில சொன்னா புரியலைன்னு வண்டியிலயே ஏறி வந்திருக்கணும். புத்தி வரலையேம்மா."

அவர் பேசி முடித்தார். எல்லோரும் கொழுந்தனைப் பார்த்தார்கள்.

கொழுந்தனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓரிடத்தில் நிற்காததால் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே சக்கரம் என்றுதான் பெயர். முப்பதைத் தாண்டியும் மாறவில்லை. துணி எடுத்து வருவது, கொண்டுபோய்க் கொடுப்பது, பழுது பார்ப்பது எல்லாம் அவன் பாடு. பழைய கடையில் இருந்தபோது கம்பித் தொலைபேசிதான். காலங்காலமாக ஒரே எண். கடையின் பெயர் தெரியாதவர்களுக்குக்கூட எண் தெரியும். கடையை வேறொருவருக்கு விடப் போகிறோம், காலி செய்யுங்கள் என்று உரிமையாளர் சொன்னதும் என் வீட்டுக்காரருக்கு வந்த முதல் கவலை எண்ணைப் பற்றித்தான். கம்பித் தொலைபேசிக்காரர்களிடம் போய்க் கேட்டால், "அந்தப் பக்கம் வேற எக்ஸ்சேஞ்ச். நம்பர் மாறும்" என்றார்கள்.

அப்போது வந்து சேர்ந்ததுதான் அந்தப் பெட்டி. இணையத்தின் வழியே பேசுகிற ஃபோன். ஒரு சோப்புக்கட்டி அளவு. அதை இணைய வயரில் சொருகி, பழைய ஃபோனை அதில் சொருகினால் பழைய எண்ணிலேயே பேசலாம். பழைய கடை முகவரியைக் கொடுத்து வாங்கி, முதலில் அங்கேதான் மாட்டினோம். "உங்கள் தொலைபேசி, உங்கள் எண், நீங்கள் போகுமிடமெல்லாம்" என்று விளம்பரத் தாளில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது. கடை மாறிய அன்று கொழுந்தன் அந்தப் பெட்டியைக் கழற்றி, ஈரம் படாமல் துண்டில் சுற்றி, ஓட்டுநர் இருக்கையில் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். புதுக் கடையில் மற்ற சாமான்கள் இறங்குவதற்கு முன்பே அதைச் சுவரில் திருகினான். சொருகிய சிறிது நேரத்தில் மணி அடித்தது. யாரோ ஒரு அம்மாள், "என் போர்வை ஆச்சா?" என்று கேட்டார். கடை இடம் மாறியதே அவருக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் ஃபோனை வைத்துவிட்டுத் தம்பியின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "சக்கரம்னா சக்கரம்தான்டா. ஊரையே தூக்கி மடியில வெச்சுட்டு வந்துட்டானே!"

அவருடைய காரியம் எல்லாம் முடிந்த பிறகு அத்தை வாயைத் திறந்தார். கொதிகலனில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மகனைப் பார்த்துச் சொன்னார்.

"அன்னிக்கு மட்டும் நீ அந்தப் பெட்டியைத் தூக்கிட்டு வராம இருந்திருந்தா."

"அம்மா."

"என் பிள்ளை இருந்திருப்பான்."

அவன் குழாயை மூடினான். பிறகு திறந்தான். அதிலிருந்து அவன் சாப்பாடு வண்டியில், தூக்கம் வண்டியில். வேலை மட்டும் இரண்டு ஆள் வேலை. அண்ணன் நின்ற மேசையில் அவனே நின்றான். மூடியை மெதுவாக இறக்கினான். அத்தை ஒவ்வொரு நாளும் அதே பேச்சை ஏதாவது ஒரு வடிவில் சொன்னார். உப்பு குறைந்தாலும் அங்கேதான் போய் நிற்கும். மகனை இழந்தவரிடம் நான் என்ன வாதாட முடியும்? நான் இழந்ததும் அவரைத்தான். ஆனால் எனக்கு யார்மேலும் கை நீட்டத் தோன்றவில்லை. நீட்டினால் மிச்சமிருக்கிற ஒருவனும் போய்விடுவான் என்று தெரிந்தது.

தொலைத்தொடர்பு ஆணையத்தில் விசாரணை நடக்கிறது என்று சொன்னவர் எங்கள் வாடிக்கைக்கார வக்கீலம்மா ஒருவர். கறுப்புக் கோட்டு ஒன்றை மாதாமாதம் கொண்டுவருவார். ரசீதை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார்.

"இந்த நெட் ஃபோனையெல்லாம் ஃபோன்னு சேக்கறதா வேண்டாமான்னு கமிஷன்ல கேக்கறாங்க. ஃபோன்னு சொல்லிட்டா, பழைய ஃபோன்காரங்களுக்கு இருக்கற சட்டமெல்லாம் இவங்களுக்கும் வந்துடும். ஆள் எங்க இருக்கார்னு கேட்டு வெச்சு, அவசரத்துக்குச் சரியான இடத்துக்கு அனுப்பணும். ஃபோன் இல்லைன்னுட்டா அது எதுவும் இல்லை. பொதுமக்கள் யார் வேணா வந்து பேசலாம். பேப்பர்லயே போட்டிருக்கு. உங்களுக்குத் தெரியணும்னு சொன்னேன்."

நான் பேசுவதற்குப் பெயர் கொடுத்தேன். சில நாளில் பெட்டி நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். நல்ல உயரம், தணிந்த குரல். ஒரு பை நிறையப் பழம். மேசையில் வைக்க இடமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"துக்கம் விசாரிக்கத்தான் வந்தோம்" என்றார். கூட யாரும் இல்லை.

"இவ்வளவு நாள் கழிச்சா?" என்றார் அத்தை. "எங்க வீட்டுக்கு வழி தெரியாம சுத்திட்டு இருந்தீங்களா?"

அவர் முகம் சிவந்தது. "அம்மா, ஒரு விஷயம் நீங்க புரிஞ்சுக்கணும். சட்டப்படி நாங்க டெலிஃபோன் கம்பெனியே கிடையாது. இணையத்துல இயங்கற ஒரு வசதி. அவ்வளவுதான்."

"அப்போ நாங்க இத்தனை நாள் எதுல பேசினோம்? இஸ்திரிப் பெட்டியிலயா?"

"அதில்லைங்க..." என்றவர் என் பக்கம் திரும்பினார். குரலை இன்னும் தணித்தார். "நீங்க கமிஷன்ல பேசலாம், உங்க உரிமை. ஆனா பேசினா கேள்வி வரும். பெட்டியை இடம் மாத்தினது யாரு? எங்களுக்குச் சொன்னாங்களா? பெட்டிக்கு அடியில எச்சரிக்கை ஒட்டியிருக்கு, அதைப் படிச்சாங்களா? உங்க வீட்டுப் பிள்ளை பேருதான் அடிபடும். பதிவாயிடும். வேண்டாமேன்னு ஒரு நல்லெண்ணத்துல சொல்றேன்."

எச்சரிக்கை இருந்தது உண்மை. இடம் மாற்றினால் அவசர அழைப்புக்கான முகவரியைத் தெரிவிக்கவும் என்று, எறும்பளவு எழுத்தில், பெட்டியின் அடிப்பக்கம். சுவரில் திருகும்போது அந்தப் பக்கம்தான் சுவரைப் பார்க்கும். திருகாணிக்கான துளையை அவர்களே அந்தப் பக்கம்தான் வைத்திருந்தார்கள்.

"பழத்தை எடுத்துட்டுப் போங்க" என்றேன். "எங்க வீட்ல பழம் சாப்பிடறவர் போயிட்டார்."

அவர் போன பிறகு அத்தை, "பாத்தியா, வெளியாளே சொல்றான்" என்றார் மகனைப் பார்த்து. அன்று அவன் பதில் சொன்னான்.

"நான் சொன்னேம்மா. கடை மாறின வாரமே ஃபோன் போட்டுச் சொன்னேன். பில்லைப் புது அட்ரஸுக்கு அனுப்புங்கன்னேன். சரின்னாங்க. மாத்திட்டோம்னாங்க. இன்னும் என்ன சொல்லணும்னு எனக்கு யார் சொன்னா?"

அத்தை கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

அவன் என்னிடம் வந்தான். "அண்ணி, தூரத்துல சரக்கு லாரி ஓட்ட ஆள் கேக்கறாங்க. சொல்லி வெச்சிருக்கேன்."

"கடையை யார் பாக்கறது?"

"ஆள் போட்டுக்கலாம். கமிஷன்ல என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டுத்தான் போவேன். அவங்களும் நான்தான் காரணம்னு எழுதிட்டா, அம்மா மூஞ்சில எப்படி முழிக்கறது? உங்க மூஞ்சில எப்படி முழிக்கறது?"

"என் மூஞ்சிக்கு என்ன? நான் ஒரு நாளாவது உன்னைச் சொல்லியிருக்கேனா?"

"சொல்லியிருந்தா சுலபமா இருந்திருக்கும் அண்ணி" என்றான்.

அன்று முடிவு செய்தேன். ஆணையம் எனக்கு எதையும் தரப்போவதில்லை. ஆனால் அவன்மேல் ஒரு வரி எழுதவும் விடக்கூடாது.

அத்தை, "வீட்டுக் குப்பையை வீதியில கொட்டப் போறியா?" என்றார். "போறேன்" என்றேன். திருமணமாகி வந்த பிறகு அவர் பேச்சை நேருக்கு நேர் மறுத்தது அதுதான் முதல்முறை. விசாரணை நாளன்று நான் கிளம்பும்போது அவரும் நல்ல சேலை உடுத்திக்கொண்டு வாசலில் நின்றார். "உன்கூட வரேன்னு நினைக்காதே. அந்த இடம் எப்படி இருக்குன்னு பாக்க வரேன்." கொழுந்தன் வண்டியை ஓட்டினான். மூவரும் முன் இருக்கையில் நெருக்கி உட்கார்ந்தோம். பின்னால் துவைத்த துணிகள் வண்டி குலுங்கும்போதெல்லாம் சரிந்தன.

விசாரணைக் கூடம் குளிர்ந்து கிடந்தது. ஒவ்வொரு மேசையிலும் தண்ணீர் பாட்டில், ஒலிவாங்கி. மேடையில் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாள்தான் தலைவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஏற்றி இறக்குவார். பேசுகிறவருக்கு நேரம் முடிந்தால் சிவப்பு விளக்கு எரியும். பின் வரிசையில் மீன் விற்பவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார், கல்யாண வீட்டில் நிற்பதுபோல.

முதலில் பேசியவர் கம்பித் தொலைபேசி நிறுவனத்தின் வக்கீல். பழைய ஆள், தொண்டையைச் செருமிச் செருமிப் பேசினார். அவர் எங்கள் பக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். "நாங்கள் ஒவ்வொரு வீட்டின் முகவரியையும் வைத்திருக்கிறோம். மின்சாரம் போனாலும் எங்கள் கம்பி பேசும். இதற்கெல்லாம் சட்டம் எங்களைக் கட்டிப்போட்டிருக்கிறது. இவர்களோ அவிழ்த்துவிட்ட மாடு. ஒன்று அவர்களையும் கட்டுங்கள், அல்லது எங்களையும் அவிழ்த்துவிடுங்கள்" என்றார். கடைசி வார்த்தையைக் கேட்டதும் அத்தை என் காதில், "இவனுக்கும் அவிழ்த்துவிட்டா போதுமாம்" என்றார்.

அடுத்துப் பெட்டி நிறுவனத்தின் வக்கீல். இளைஞர், நன்றாகப் பேசினார். குரலும் படமும் கடிதமும் இணையத்தில் ஒன்றுதான். எல்லாமே துண்டு துண்டாக உடைந்து போய் மறுமுனையில் ஒட்டிக்கொள்பவை. அதைத் தொலைபேசி என்பது தபால்காரரை விமானி என்று சொல்வதுபோல. ஆகவே இந்த ஆணையத்துக்கு எங்கள்மேல் அதிகாரமே கிடையாது. இன்று விதி போட்டால் நாளை புதியது எதுவும் இந்த நாட்டில் முளைக்காது. அவர் சொன்னதில் பாதி எனக்குச் சரியென்றே பட்டது. அவர் பேச்சில் எங்கும் ஒரு ஆள் இல்லை, அதுதான் உறுத்தியது.

என்னைக் கூப்பிட்டார்கள். எழுதிக்கொண்டு போனதைப் படிக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். கருகல் வாடையைச் சொன்னேன். முகவரி தெரிகிறது என்று அந்தப் பெண் சொன்னதைச் சொன்னேன். "அவ பொய் சொல்லலைங்க. அவ திரையில ஒரு அட்ரஸ் இருந்தது. அதுல நாங்க இல்லை" என்றேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. தலைவர் அதை அணைக்கச் சொன்னார்.

பெட்டி வக்கீல் எழுந்தார். "உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். ஒரே ஒரு கேள்வி. சாதனத்தைப் பழைய இடத்திலிருந்து எடுத்துப் புதிய இடத்தில் மாட்டியது யார்?"

"நாங்க."

"நாங்கள் என்றால்?"

"எங்க வீடு."

"வீடு மாட்டாது அம்மா. ஒரு நபர்தான் மாட்டியிருக்க முடியும்."

"நாங்கதான் மாட்டினோம்."

"குறிப்பாக யார் என்று கேட்கிறேன்."

"நானும் அதுக்குத்தான் பதில் சொல்றேன். நாங்க."

மேடையில் இடப்பக்கம் இருந்தவர் தலை குனிந்துகொண்டார். வக்கீல் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "எங்களிடம் உள்ள தகவலின்படி, அது இறந்தவரின் தம்பி. இன்று இந்தக் கூடத்திலும் இருக்கிறார். அவர் எச்சரிக்கையைச் சுவர்ப் பக்கம் மறைத்து மாட்டியிருக்கிறார். இடம் மாறியதை எங்களுக்குத் தெரிவிக்கவில்லை. மரியாதையோடு சொல்கிறேன், அவர் கொஞ்சம் கவனமாக இருந்திருந்தால் அவருடைய அண்ணன் இன்று உயிரோடு இருந்திருக்கக்கூடும்."

பின் வரிசையில் நாற்காலி ஒன்று தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்தது.

"டேய், நிறுத்துடா."

அத்தை நின்றுகொண்டிருந்தார். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார், துணி அலசப் போகிறவர்போல.

"அம்மா, பெயர் பதிவு செய்யாதவர்கள் பேசக் கூடாது" என்றார் ஊழியர் ஒருவர்.

"பதிவு பண்ணிக்கோ. ரெண்டு பேரையும் பெத்தவன்னு எழுதிக்கோ." அவர் நடந்து வந்து என் பக்கத்தில் நின்றார். ஒலிவாங்கி அவருக்குத் தேவைப்படவில்லை. "ஏன் தம்பி, அவனை நான் சொல்லுவேன். ஆயிரம் சொல்லுவேன். அடிக்கக்கூட அடிப்பேன். பத்து மாசம் சுமந்தவ நான். நீ யாருடா சொல்றதுக்கு?"

"அம்மா, நான் உண்மை விவரத்தை மட்டுமே..."

"உண்மையா? தெரிவிக்கலைன்னு சொன்னியே. கடை மாறினதும் என் பிள்ளை ஃபோன் பண்ணி உங்ககிட்ட அட்ரஸ் சொன்னான். பில்லைப் புது இடத்துக்கு அனுப்புன்னான். வந்துச்சா இல்லையா? ஒரு மாசம் தப்பிச்சுதா? பழைய கடைக்கு ஒரு பில்லு போச்சா? மீன்காரரே, உமக்கு எங்க பில்லு ஏதாவது வந்துச்சா?"

"சத்தியமா இல்லைம்மா!" என்றார் மீன் விற்பவர் பின்னாலிருந்து. "ஒரு துண்டுக் காகிதம் வரலை."

"பில்லுக்கு வழி தெரிஞ்சுது. வண்டிக்குத் தெரியலையா? காசு வாங்கறப்போ நாங்க எங்க இருக்கோம்னு தெரியுது, சாகறப்போ தெரியாதா?"

கூடத்தில் யாரோ கை தட்டப் போய் நிறுத்திக்கொண்டார்கள். வக்கீல் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ கேட்டார். நிமிர்ந்தபோது குரல் மாறியிருந்தது. "பில் அனுப்பும் பிரிவு வேறு, இந்தப் பிரிவு வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தகவலை மாற்றியாக வேண்டும் என்று எந்த விதியும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை."

தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அந்த விதி வேணுமா வேண்டாமான்னு பேசத்தான் இன்னிக்கு உட்கார்ந்திருக்கோம்" என்றார். பிறகு அத்தையிடம், "அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அதை உங்க வீட்ல என்னன்னு கூப்பிடுவீங்க?"

"எதை?"

"அந்தச் சாதனத்தை."

"ஃபோன்னுதான். வேற என்னன்னு கூப்பிடுவாங்க, மாப்பிள்ளைன்னா?"

இந்தத் தடவை மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். அத்தை சிரிக்கவில்லை. முந்தானையை இடுப்பிலிருந்து எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு, பின் வரிசையில் கல்லாக உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்து, "எழுந்து வாடா, துணி கொண்டுபோய்க் கொடுக்கணும்" என்றார்.

வண்டியில் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. துடைப்பான் ஒரு பக்கம்தான் வேலை செய்தது. அவன் ஓட்ட, நான் எட்டி எட்டிக் கண்ணாடியின் உட்புற ஆவியைத் துடைத்தேன். அத்தை நடுவில் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி வழியில் கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார். காலையில் அவித்த உருளைக்கிழங்கு. ஒன்றைத் தோலுரித்து, உப்புத் தொட்டு, ஸ்டியரிங் பிடித்திருந்தவன் வாய்க்கு நேரே நீட்டினார். அவன் வாயைத் திறக்கவில்லை. "கை வலிக்குதுடா" என்றார். திறந்தான்.

மன்னிப்பு என்று அத்தை வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அவர் அப்படிப்பட்டவர் அல்ல. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைப் பற்றி அவனிடம் அவர் ஒருநாளும் பேசவில்லை. உப்பு குறைந்தால் உப்பு குறைந்தது என்று மட்டும் சொன்னார்.

ஆணை வர நெடுநாள் ஆயிற்று. கறுப்புக் கோட்டு அம்மாள்தான் நகல் கொண்டுவந்து கொடுத்தார். தடித்த கட்டு. கொதிகலன் இரைச்சலில் நான் சத்தமாகப் படித்தேன். அத்தை, "அதை அணைச்சுட்டுப் படி" என்றார். எங்கள் கடையில் வேலை நேரத்தில் கொதிகலன் அணைந்தது அவர் இறந்த நாளுக்குப் பிறகு அன்றுதான்.

மூவரில் இருவர் ஒரு பக்கம், ஒருவர் எதிர்ப்பக்கம். மணி அடித்து, எடுத்துப் பேசி, எவரையும் அழைக்க முடிகிற எதுவும், உள்ளே கம்பியில் ஓடினாலும் இணையத்தில் ஓடினாலும், மக்களுக்குத் தொலைபேசிதான். அதை விற்கிறவர் ஆள் இருக்கும் இடத்தைக் கேட்டு வைக்க வேண்டும். இடம் மாறினால் மறுபடி கேட்க வேண்டும். கேட்டதைச் சொல்லாமல் எந்தப் பெட்டியும் வேலை செய்யத் தொடங்கக் கூடாது. நடந்து முடிந்த சாவுக்கு ஈடு கொடுக்கச் சொல்லத் தங்களுக்கு அதிகாரம் இல்லை. இப்படிப் பக்கம் பக்கமாகப் போன பிறகு ஓரிடத்தில் எங்களைப் பற்றி ஒரு வரி இருந்தது: எடுத்துச் செல்லலாம் என்று சொல்லி விற்கப்பட்ட ஒன்றை எடுத்துச் சென்றதில் அந்தக் குடும்பத்தார் எவர்மீதும் பிழை காண இயலாது.

"இன்னொரு தடவை" என்றார் அத்தை.

படித்தேன்.

"எவர்மீதும்னா?"

"யார்மேலயும்னு அர்த்தம் அத்தை."

"அப்படியே எழுதியிருக்கா? கையெழுத்து இருக்கா?"

"ரெண்டு பேர் போட்டிருக்காங்க."

"அந்த மூணாவது ஆள் துணியை நம்ம கடையில வாங்காதே" என்றார்.

கொழுந்தன் வாசலில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். கேட்டான் என்பது எனக்குத் தெரியும். தூக்கிய மூட்டையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றிருந்தான். பிறகு அதை வண்டியில் போட்டுவிட்டு உள்ளே வந்து, "கொதிகலனைப் போடுங்க அண்ணி, ஆறிடப் போகுது" என்றான். லாரி வேலைக்கு அதன் பிறகு யாரும் அவனைக் கேட்டு வரவில்லை. வரவேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான் என்று பின்னால் தெரிந்தது.

நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறது. அந்த ஆணையை எதிர்த்து இன்னும் எங்கோ வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். வாதாடட்டும். கூப்பிட்டால் மறுபடியும் போவோம், அத்தையும் நானும். அந்தப் பெட்டியைத் தூக்கி எறியுங்கள் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். "நம்ம நம்பரை நாம ஏன் விடணும்? அந்தக் கம்பெனிக்காரன் வேணா ஓடட்டும்" என்றுவிட்டார் அத்தை. ஆணை வந்த சில வாரத்தில் அந்த நிறுவனத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, நீங்கள் இருக்கும் முகவரியை உறுதி செய்ய வேண்டும் என்றாள். அத்தை அவளை ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிச் சொல்ல வைத்தார். முடிந்ததும் இன்னொரு முறை சொல்ல வைத்தார்.

எல்லாம் பழையபடி நடக்கிறது. விடுதியின் விரிப்புகள் வருகின்றன, போகின்றன. அழுத்து மேசையில் கொழுந்தன் நிற்கிறான். அவனுக்கு எட்டும் தூரத்தில்தான் ஃபோன் இருக்கிறது. மணி அடித்தால் அவன் எடுப்பதில்லை. நான்தான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய் எடுக்கிறேன்.